ஓரகத்தி என்றொரு சொல்

தஞ்சாவூரில் மூன்று பெண்கள் சேர்ந்து வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், முதலில் வருவது வாடகை பற்றிய பேச்சு அல்ல. "நீங்க மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் என்ன உறவு?" என்ற கேள்விதான். மருத்துவக் கல்லூரி சாலையை ஒட்டிய ஒரு தெருவில், மாடியைத் திறந்து காட்டிவிட்டுக் கீழே இறங்கி வந்த வீட்டுக்காரம்மா இதைக் கேட்டபோது எனக்கு வயது 41. தமிழில் முனைவர் பட்டம் வாங்கிப் பத்து வருடம் ஆகியிருந்தது. சொற்களை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவள் நான். அந்தக் கேள்விக்குப் பதிலாகச் சொல்ல என்னிடம் ஒரு சொல் இல்லை. பக்கத்தில் நின்ற செவிலியர் சட்டென்று, "பெரியப்பா சித்தப்பா பொண்ணுங்கம்மா" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்காரம்மா எங்கள் மூன்று முகங்களையும் மூன்று நிறங்களையும் மாறிமாறிப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். அந்த வீடு எங்களுக்குக் கிடைக்கவில்லை.

அன்று இரவு அந்த இல்லாத சொல்லைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஒரே வீட்டில் வாழும் பெண்களைக் குறிக்கத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. மாமியார், மருமகள், நாத்தனார், அண்ணி, ஓரகத்தி, சக்களத்தி. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஓர் ஆண் நிற்கிறான். மகன் இல்லாமல் மாமியார் இல்லை. அண்ணன் இல்லாமல் அண்ணி இல்லை. ஒரு கணவன் இல்லாமல் இரண்டு சக்களத்திகள் இல்லை. இந்தப் பெண்கள் அடுப்படியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நாற்பது வருடம் வாழ்ந்திருப்பார்கள். ஆனாலும் ஒருத்தியை இன்னொருத்தியோடு கட்டும் கயிறு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆணின் கையில் இருக்கிறது.

இந்தப் பட்டியலில் ஒரு சொல் மட்டும் என்னை நிறுத்தியது. ஓரகத்தி. கணவனின் அண்ணன் தம்பி மனைவியைக் குறிக்கும் சொல். பிரித்துப் பார்த்தால் ஓர், அகம். ஒரே அகத்தில் இருப்பவள். சொல்லின் உடம்பில் கணவனும் இல்லை, கணவனின் தம்பியும் இல்லை. வீடு மட்டும்தான் இருக்கிறது. ஒரே வீட்டில் இருப்பவள் என்று பொருள்பட வேண்டிய சொல், நம் வழக்கில் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் என்று சுருங்கிவிட்டது. ஓரகத்திகள் என்றாலே சண்டை என்று ஆக்கியும் வைத்திருக்கிறோம். ஒரு வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு பெண்கள் என்று நினைத்ததும் மொழிக்குப் பகைதான் முதலில் ஞாபகம் வருகிறது போலும்.

அரசாங்கம் இந்த விஷயத்தில் இரண்டு நாக்கோடு பேசுகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலறையில் உண்பவர்கள் ஒரு குடும்பம். அவர்களுக்குள் ரத்த உறவோ திருமண உறவோ இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. உலை ஒன்றா என்பதுதான் கேள்வி. இவ்வளவு அழகான வரையறையை எந்தக் கவிஞரும் எழுதவில்லை என்று எனக்குத் தோன்றும். ஆனால் குடும்ப அட்டைக்குப் போனால் கதை வேறு. அங்கே குடும்பத் தலைவர் ஒருவர் வேண்டும், மற்றவர்கள் எல்லோரும் அவருக்கு என்ன உறவு என்று எழுத வேண்டும். எங்கள் மூவருக்கும் ஒரே குக்கரில் சோறு வேகிறது. எங்கள் பெயர்களோ மூன்று ஊர்களில் மூன்று அப்பாக்களின் அட்டைகளில் இருந்தன.

*

தோழி இருக்கிறாளே என்று மாணவிகள் கேட்பார்கள். ஆணை அச்சாகக் கொள்ளாத சொல்தானே அது?

தமிழ்நாடு அரசு பணிபுரியும் மகளிருக்காக நடத்தும் விடுதிகளுக்குத் 'தோழி' என்றுதான் பெயர். தஞ்சாவூரிலும் அந்த விடுதி உண்டு. பெயர் வைத்தவர் அகப்பாடல்களை நினைத்திருக்க வேண்டும். நல்ல பெயர்தான். ஆனால் அகப்பாடல்களில் தோழியின் வீடு எது என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். தொல்காப்பியம் அவளைச் செவிலியின் மகள் என்கிறது. வளர்த்த தாயின் மகள் என்பதால் தலைவியின் வீட்டில் அவளுக்கு இடம் கிடைக்கிறது. தலைவியின் களவை அவள்தான் காக்கிறாள். காவல் மிகும்போது செவிலியிடம் உண்மையை உடைத்து அறத்தொடு நிற்கும் துணிச்சலும் அவளுடையதுதான். உடன்போக்கு என்றால் தலைவியை அனுப்பிவிட்டு, பின்னால் அழும் தாயோடு அவள் தங்கிவிடுகிறாள். கற்புக் காலம் வந்தால் தலைவியின் மனைக்குப் போய், பரத்தையிடம் போய்த் திரும்பும் தலைவனுக்கு வாயில் மறுக்கிறாள் அல்லது திறந்துவிடுகிறாள். அகப்பாடல்களின் மிகச் சிறந்த பேச்சுக்காரி அவள். அவளுக்கென்று ஒரு குறி இடம் இல்லை, ஒரு காத்திருப்பு இல்லை. ஒன்று தாயின் வீடு, இல்லையென்றால் தலைவியின் வீடு. அவள் கதவைத் திறப்பவள். கதவுக்கு உரிமைக்காரி அல்ல.

வேலைக்குப் போகும் பெண் தோழி என்ற பெயருள்ள கட்டடத்தில் தங்கும்போது, அவள்தான் தலைவியா, தோழியா? விடுதி நமக்கு அவசியமானது. பாதுகாப்பாக, வாங்கும் சம்பளத்துக்குள் ஒரு கட்டில் கிடைப்பது சிறிய விஷயமல்ல. நானே பட்டப்படிப்பிலிருந்து ஆய்வு முடியும்வரை விடுதிகளில்தான் வளர்ந்தேன். ஆனால் பக்கத்துக் கட்டிலில் யார் என்பதை வார்டன் முடிவு செய்வார். கதவடைக்கும் நேரத்தை நிர்வாகம் முடிவு செய்யும். சாம்பாரில் உப்பு எவ்வளவு என்பதை ஒப்பந்தக்காரர் முடிவு செய்வார். விடுதியில் பெண்கள் சேர்ந்து தங்குகிறார்கள். சேர்ந்து குடித்தனம் நடத்துவது வேறு. யாரோடு என்பதை நாமே முடிவு செய்வதில்தான் அது தொடங்குகிறது.

ஆண்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு நீண்ட இலக்கியமே இருக்கிறது. தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளில் பாபு கும்பகோணத்தில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறான். அவனிடம் யாரும் உறவு கேட்பதில்லை. திருவல்லிக்கேணி மேன்சன்கள் இல்லாமல் நவீனத் தமிழ்ச் சிறுகதையின் ஆண் பாதி இல்லை என்றே சொல்லலாம். ஓர் அறையில் நாலு பேர், ஒரு சட்டையை முறைவைத்துப் போட்டுக்கொள்வது, கடன், கவிதை, காய்ச்சல் எல்லாம் எழுதப்பட்டுவிட்டன. அதே மோகமுள்ளில் யமுனாவும் அவள் அம்மாவும் தனியாக இருக்கும் வீடு, ஊர் வாயில் எப்படி விழுகிறது என்பதையும் பாருங்கள். ஆண்கள் சேர்ந்து இருந்தால் அது வாழ்க்கையின் ஒரு பருவம். பெண்கள் சேர்ந்து இருந்தால் அது விசாரணைக்கு உரிய விஷயம்.

*

நம் காவிரி நாட்டிலேயே பழைய உதாரணம் ஒன்று உண்டு. வகுப்பில் ஆண்டுதோறும் மணிமேகலை நடத்துகிறேன். ஆனால் வீடு தேடி அலைந்த அந்த வருடம்தான் அது என் கண்ணில் பட்டது.

சுதமதி யார்? பாடப்புத்தகம் மணிமேகலையின் தோழி என்று சொல்லி நகர்ந்துவிடும். அவள் அங்க நாட்டுச் சண்பை நகரிலிருந்து வந்த பார்ப்பனப் பெண். பூப்பறிக்கப் போன இடத்தில் மாருதவேகன் என்ற விஞ்சையனால் தூக்கிச் செல்லப்பட்டு, பிறகு புகாரில் கைவிடப்பட்டவள். மகளைத் தேடி வந்த தகப்பனை மாடு முட்டி வயிறு கிழிந்துவிடுகிறது. அடைக்கலம் கேட்ட இடத்தில் சமணத் துறவிகள் கைவிடுகிறார்கள். சங்கதருமன் என்ற பௌத்தத் துறவிதான் அந்த முதியவரைத் தூக்கிச் செல்கிறார். அப்படி வந்து சேர்ந்தவள் சுதமதி. மாதவி யார்? கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டு, இந்திர விழாவில் ஆட மறுத்து, சித்திராபதியின் வீட்டுக்குத் திரும்ப மாட்டேன் என்று நின்றவள். ஒருத்தி பார்ப்பனக் குலத்திலிருந்து தள்ளப்பட்டவள். இன்னொருத்தி கணிகையர் குலத்திலிருந்து தானே வெளியேறியவள். இவர்கள் இருவரும், வளரும் ஒரு பெண்பிள்ளையும். பெண்பிள்ளை காணாமல் போகிறாள். சுதமதி ஓடிவந்து மாதவியிடம் சொல்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்து காத்திருக்கிறார்கள். ரத்தமும் சாதியும் கணவனும் கட்டாத பெண்களின் குடித்தனம் ஒன்று புகார் நகரத்தில் இருந்திருக்கிறது.

சாத்தனாரால் இதைத் தாங்கிக்கொள்ள முடிந்ததா? முடியவில்லை என்றே நினைக்கிறேன். முற்பிறப்புக் கதை வரும்போது அவர் கணக்கைச் சரிசெய்கிறார். போன பிறவியில் மாதவி தாரை, சுதமதி வீரை. இருவரும் அக்கா தங்கைகள். அவர்களுடைய இளைய சகோதரி இலக்குமிதான் இந்தப் பிறவியில் மணிமேகலை. அது மட்டுமல்ல, தாரையும் வீரையும் துச்சயன் என்ற ஒரே அரசனை மணந்தவர்கள். அதாவது சகோதரிகள், சக்களத்திகள் இரண்டும். பௌத்தக் காப்பியத்துக்கு வினைத்தொடர்ச்சி தேவை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மருத்துவக் கல்லூரி சாலையில் அந்த வீட்டுக்காரம்மா கேட்ட கேள்வியைச் சாத்தனாரும் கேட்டிருக்கிறார் என்றே எனக்குப் பட்டது. நீங்கள் ஒருவருக்கொருவர் என்ன உறவு? பெரியப்பா சித்தப்பா பெண்கள் என்று நாங்கள் சொன்ன பொய்யை அவர் பிறவி தாண்டிப் போய்ச் சொல்லியிருக்கிறார்.

அந்த முற்பிறப்புக் கதையிலும் ஓர் இடம் என்னை விடுவதில்லை. கள்ளுண்ட மயக்கத்தில் வீரை ஒரு யானையின் முன் போய் இறந்துவிடுகிறாள். அது கேட்ட தாரை மாடத்தின் மேலிருந்து விழுந்து உயிர் விடுகிறாள். துச்சயனுக்காக அல்ல, வீரைக்காக. கணவனோடு சாகும் மனைவியரைக் கொண்டாடிய மரபில், உடனிருந்த பெண்ணுக்காகச் செத்த ஒருத்தியைப் பற்றி நாம் ஒரு கட்டுரைகூட எழுதவில்லை.

*

புகாரிலிருந்து பெரிய கோயிலுக்கு வருவோம். முதலாம் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டை, அதாவது 1014ஐ ஒட்டிய கல்வெட்டு ஒன்று, சோழ நாட்டின் பல தளிகளிலிருந்து கொண்டுவந்து தஞ்சாவூரில் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பட்டியல் போடுகிறது. ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு. ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு 100 கலம் நெல். எந்தச் சேரி, எந்தச் சிறகு, வரிசையில் எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். திருவாரூர், திருவையாறு, பழையாறை என்று நமக்குத் தெரிந்த ஊர்களெல்லாம் வருகின்றன. சேரமங்கை, எடுத்தபாதம் என்று பெயர்கள். மனைவி, மகள் என்ற அடைமொழி இல்லாமல், தலைவீடு, இரண்டாம் வீடு என்று பெண்ணின் பெயரில் கதவிலக்கம் இருக்கும் ஒரு தெரு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்த ஊரில்.

இதை வாசித்துவிட்டு உற்சாகமாகிவிடும் மாணவிகளைப் பார்த்திருக்கிறேன். நானும் இருபது வயதில் ஆனேன். இப்போது அந்தப் பட்டியலை மெதுவாகத்தான் வாசிக்கிறேன். யாரையும் கேட்டுக் கொண்டுவரவில்லை. திருவாரூர்க்காரிக்குப் பக்கத்து வீடு பழையாறைக்காரிக்கா என்று யாரும் அவர்களிடம் விருப்பம் கேட்டிருக்க மாட்டார்கள். பங்கு பெற்றவர் இறந்தாலோ வெளியூர் போனாலோ அடுத்த முறை உறவினர் அந்த நெல்லைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும், அவர்களுக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ளவரைத் தேடி வைக்க வேண்டும் என்று கல்வெட்டு விதிக்கிறது. வீடு பெண்ணுக்காக இருக்கவில்லை. பணிக்காக இருந்தது. பணி நின்றால் வீடும் இல்லை. அது உலகின் மிக அழகான, மிகக் கண்டிப்பான விடுதி. வார்டன் மட்டும் சக்கரவர்த்தி.

ஆனாலும் இன்றைக்குப் பெரிய கோயிலைச் சுற்றி நடந்து போகும்போது, அந்த 400 பேரும் மாலையில் பணி முடிந்து வீடு திரும்பியிருப்பார்களே, உப்புக்கும் புளிக்கும் யார் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார்கள், காய்ச்சலில் கிடந்தவளுக்கு யார் கஞ்சி வைத்திருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடிவதில்லை. அது எந்தக் கல்லிலும் இல்லை.

*

இருபதாம் நூற்றாண்டில் பெண்களே பெண்களுக்காக வீடு எடுத்தார்கள். தஞ்சை மாவட்டக் குடும்பத்தில் வந்த சகோதரி சுப்பலட்சுமி குழந்தையிலேயே கணவனை இழந்தவர். 1911இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். எழும்பூரில் ஒரு வீட்டில், தானும் கணவனை இழந்தவரான தன் சித்தியோடு, சில விதவைச் சிறுமிகளைச் சேர்த்துக்கொண்டு வாழத் தொடங்கினார். பிறகு அது கடற்கரை ஐஸ் ஹவுஸுக்குப் பெயர்ந்து பெரிய விடுதியானது. மொட்டையடிக்கப்பட்டு மூலையில் கிடக்க வேண்டிய சிறுமிகள் அங்கிருந்து ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். அதன் முன்னால் நான் தலைவணங்குகிறேன்.

ஆனால் அது பார்ப்பன விதவைகளுக்கான விடுதி. அந்தக் காலத்தில் அப்படி இல்லாவிட்டால் பெற்றோர் அனுப்பியிருக்க மாட்டார்கள் என்பது உண்மை. பெண்கள் சேர்ந்து வாழ்வதென்ற பெரிய புரட்சி நடக்க வேண்டுமென்றால், அந்தப் பெண்கள் ஒரே சாதியாக இருக்க வேண்டும் என்ற சின்ன நிபந்தனையை ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. சமையலறை என்று வந்துவிட்டால் எல்லாச் சீர்திருத்தமும் வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிடுகிறது. 1930களின் தொடக்கத்தில் முத்துலட்சுமி ரெட்டி அவ்வை இல்லத்தைத் தொடங்கியதன் கதை வேறு. தேவதாசிக் குடும்பங்களிலிருந்து தப்பி வந்த பெண்பிள்ளைகளை அவர் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அங்கிருந்துதான் இல்லம் பிறந்தது. ஒத்துப்போகிறவர்களைத் தேடிச் சேர்த்த வீடு ஒன்று, வேறு இடமில்லாமல் வந்து நின்றவர்களைச் சேர்த்த வீடு ஒன்று. இந்த இரண்டில் நான் எதன் வாரிசு என்று எனக்கு ஒரு நாள் தெரிந்தது.

*

கரந்தைப் பக்கம் ஒருவழியாக வீடு கிடைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்களில் ஒருத்திக்குக் கல்யாணம் ஆகி, ஓர் அறை காலியானது. வாடகை ₹9,000. இரண்டு பேரால் முடியாது. மூன்றாவது ஆளைத் தேடும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தேன். "நமக்கு ஒத்துப்போற மாதிரி ஒரு பொண்ணு" என்றுதான் சொன்னேன். ஒத்துப்போவது என்றால் என்ன என்று மனதில் ஒரு பட்டியலும் இருந்தது. ஐந்தாம் தேதி வாடகை தருகிறவள். சத்தமாகத் தொலைக்காட்சி வைக்காதவள். நான் எழுதும் நேரத்தில் பேச்சுக் கொடுக்காதவள். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பதைக் கிண்டல் செய்து கவிதை எழுதியவள் நான்.

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் ஆய்வு மாணவி தொலைபேசியில் அழைத்தார். நன்றாகப் பேசினார். வாடகை, முன்பணம், பேருந்து எல்லாம் பேசி முடித்த பிறகு நான் கேட்டேன்.

"அசைவம் சமைப்பீங்களாம்மா?"

"சமைப்பேன் மேடம்."

"இல்ல... அடிக்கடியா? என்ன மாதிரி?"

ஒரு கணம் எதிர்முனையில் பேச்சு இல்லை. "மேடம், நீங்க கேக்க வந்தது வேற. நான் எஸ்.சி. அது போதுமா?"

நான் அவசரமாக, அப்படியெல்லாம் இல்லை, வீட்டுக்காரர்தான் ஏதாவது சொல்வார், அதனால்தான் என்றேன். எங்கள் வீட்டுக்காரர் அதுவரை எங்கள் அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் ஓர் இடைநிலைச் சாதியில், வாரம் மூன்று நாள் மீன் வாங்கும் வீட்டில் பிறந்தவள். முதல் வீட்டிலிருந்து கருவாட்டு வாசனைக்காகக் காலிசெய்யச் சொல்லப்பட்டவளும் நானே. பிறகு எதைத்தான் கேட்டேன்? ஊர் முழுவதும் டூலெட் பலகைகளில் 'சைவம் மட்டும்' என்று எழுதி வைத்திருப்பவர்கள் எதைக் கேட்கிறார்களோ அதைத்தான். பேச்சை முடிக்கும்போது நான் சொன்ன வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது. "யோசிச்சுச் சொல்றேன்."

உணவு, சுத்தம், பழக்கவழக்கம், 'நம்ம மாதிரி' என்று நாம் அடுக்கும் பொருத்தங்கள் நம் ஊரில் ஒருபோதும் வெறும் ரசனைகளாக இருப்பதில்லை. வேறு ஏதாவது ஊரில் ஒருத்தி, எனக்குப் பூனை ஒவ்வாது, இரவில் விழித்திருப்பேன் என்று சொல்லி வீட்டுக்கு ஆள் தேடலாம். இங்கே ஒத்துப்போகிறவள் என்ற சொல்லுக்குள் அகமணம் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. குடும்பத்தை விட்டு வெளியே வந்த பெண், குடும்பம் தன்னிடம் கேட்ட அதே கேள்வியைக் கையோடு எடுத்துக்கொண்டு வருகிறாள். ஆணில்லாத வீடு அதனாலேயே பெண்ணியவாத வீடாகிவிடாது. இதை மேடையில் நான் பேசியிருந்தேன். தொலைபேசியில் கற்றுக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து நானே அழைத்து மன்னிப்புக் கேட்டேன். வந்தார். என் மன்னிப்புக்காக வந்தார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் கழித்துச் சொன்னார்: "வாடகை தோதா இருந்துச்சு, பல்கலைக்கழகத்துக்கு நேர் பஸ் இருந்துச்சு மேடம். உங்க மன்னிப்பெல்லாம் நான் கணக்குல வைக்கல."

*

சேர்ந்து வாழ்வது பற்றி அதன் பிறகு நான் கற்றதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். செவிலியருக்கு மாதத்தில் பாதி நாள் இரவுப் பணி. காலை எட்டு மணிக்கு வந்து படுப்பார். பத்து மணிக்கு நான் கிரைண்டர் போட்டால் அது கொலைக்குச் சமம். மூன்று முறை சண்டை போட்ட பிறகு ஞாயிறு மாலைதான் மாவு அரைப்பது என்று முடிவானது. அழைப்பு மணியின் ஒயரைப் பிடுங்கிவிட்டோம். பால்காரருக்கும் தெரியும், கூரியர் பையனுக்கும் தெரியும், கதவை ஒற்றை விரலால்தான் தட்ட வேண்டும்.

பெரிய சண்டை பாத்திரத்தில் வந்தது. ஆய்வு மாணவி ஒரு மாதம் யாரிடமும் சொல்லாமல் ஒரு நோட்டில் கணக்கு வைத்திருந்தார். யார் எத்தனை நாள் பாத்திரம் தேய்த்தார்கள் என்று. செவிலியர் 11, மாணவி 17, நான் 2. நான் வேண்டுமென்று செய்யவில்லை. வயதில் மூத்தவள், கல்லூரி ஆசிரியை, 'மேடம்'. சாப்பிட்டு எழுந்ததும் தட்டை யாராவது வாங்கிக்கொள்வார்கள். அதை அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அப்பாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதத்திலிருந்து முறை வைத்தோம். அந்த நோட்டு இன்னும் குளிர்பதனப் பெட்டியின் மேல் இருக்கிறது. நான் வாசித்த மிக நேர்மையான மதிப்புரை அதுதான்.

வெர்ஜீனியா வுல்ஃப் எழுதும் பெண்ணுக்குத் தனக்கென்று ஓர் அறை வேண்டுமென்று 1929இல் சொன்னார். நம் வகுப்பறைகளில் அதைச் சொல்லாத மகளிர் தினம் இல்லை. அந்த அறை ஒரு வீட்டுக்குள் இருக்க வேண்டும். அந்த வீட்டில் யாராவது உலை வைக்க வேண்டும், யாராவது பாத்திரம் தேய்க்க வேண்டும். என் அறைக்கதவு சாத்தியிருந்த அந்த மாதத்தின் 28 நாட்கள் யாருடைய கையில் சாம்பலும் சபீனாவும் இருந்தன என்பது அந்த நோட்டில் இருக்கிறது. எனக்கு அந்த நாட்களில் ஒரு தொகுப்பு வந்தது. முன்னுரையில் யாருக்கெல்லாமோ நன்றி சொல்லியிருக்கிறேன். இவர்கள் இருவர் பெயரும் அதில் இல்லை.

ஒத்துப்போகும் ஆளைக் கண்டுபிடிப்பது என்று ஒன்று இல்லை என்றே இப்போது நினைக்கிறேன். நாங்கள் மூவரும் எந்தப் பொருத்தத்திலும் தேறாதவர்கள். எனக்கு அமைதி வேண்டும், செவிலியருக்குப் பாட்டு வேண்டும், மாணவிக்கு விவாதம் வேண்டும். நேர்மையாகக் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றோ நாலோதான். வாடகை எந்தத் தேதி, தூக்கம் எந்த நேரம், விருந்தாளி வந்தால் எத்தனை நாள், கோபம் வந்தால் பேசுவீர்களா, பேசாமல் இருப்பீர்களா. மற்றதெல்லாம் கேள்வியாக வரும்போது, அதன் பின்னால் யார் நின்றுகொண்டு நம் வாயால் கேட்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்துவிடுங்கள்.

*

போன வருடம் கர்ப்பப்பையில் கட்டி என்று எனக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. அண்ணன் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர மறுநாள் ஆகும். மருத்துவமனையில் ஒப்புதல் படிவத்தைக் கொடுத்தார்கள். உடனிருப்பவர் பெயர், நோயாளிக்கு என்ன உறவு. செவிலியருக்கு மருத்துவமனைகளின் மனம் தெரியும். ஒரு நொடிகூட யோசிக்காமல் 'தங்கை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாத்தனாரின் தீர்வு. அதுதான் என்னை அன்று அறுவை அரங்குக்குள் அனுப்பியது. அதை நான் குறைசொல்ல மாட்டேன்.

மறுநாள் வார்டில் இரவு தங்குபவருக்கான அனுமதிச் சீட்டு எழுத வேண்டியிருந்தது. அதில் கொஞ்சம் சின்னதாக, அதே கட்டம். மாணவி பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கு மயக்கம் முழுதாகத் தெளியவில்லை. "ஓரகத்தின்னு எழுது" என்று நான் சொன்னேனாம். அவர் சிரித்துவிட்டு, "மேடம், அப்படி எழுதினா உங்க வீட்டுக்காரர் தம்பி எங்கேன்னு கேப்பாங்க" என்றார். பிறகு 'ஒரே வீடு' என்று எழுதிக் கொடுத்தார். கவுண்ட்டரில் இருந்த பெண் அதைப் படித்தார், மாணவியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், முத்திரை குத்தினார். கட்டம் காலியாக இல்லை. அவருக்கு அது போதும்.